மீதி இரண்டு படி எங்கே? – குடிமையியல் வகுப்பில் ஒரு மசோதா

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ‘மாநில அரசு’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தேன். அறிமுகம், விவாதம், வாக்கெடுப்பு, ஒப்புதல், அரசிதழ். 1986இல் மேலவை கலைக்கப்பட்டதால் தமிழ்நாட்டில் ஓர் அவைதான் என்று சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சார், பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டம் சட்டசபையில பாஸ் ஆயிடுச்சுன்னு எங்க அப்பா அப்போ சொன்னாரு. ஆனா அவரு கம்பெனியில இன்னும் எட்டு மணி நேர ஷிப்ட்தான். உங்க அம்புக்குறி எங்க சார் நின்னு போச்சு?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி, பாடநூலில் விடை இல்லாத கேள்வி. ஒரகடம் சாலையை ஒட்டிய பள்ளி எங்களுடையது. காலை ஐந்தரைக்கே கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடத் தொடங்கிவிடும். எங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் யாரோ ஒருவர் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறவர். பொருளியலில் வரும் ‘தமிழ்நாட்டில் தொழில்துறைத் தொகுப்புகள்’ பாடத்தை நான் நடத்துவதைவிட அவர்கள் எனக்கு நடத்தலாம். எந்த கேட்டில் எத்தனை மணிக்கு ஷிப்ட் மாறும், எந்தக் கேன்டீனில் என்ன போடுவார்கள் என்பதுவரை தெரியும்.

“அடுத்த பாடவேளையில் சொல்கிறேன்” என்று தப்பித்தேன். அடுத்த பாடவேளையில் ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவற்றிலிருந்து பிறந்த பாடத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பட்டிமன்றம் வைத்துக் கெடுத்த கதை

நம்மில் பலருக்கும் கைவந்த உத்தி பட்டிமன்றம். நானும் அதையே வைத்தேன். தலைப்பு: ‘தொழில் வளர்ச்சிக்குத் தேவை முதலீடா, தொழிலாளர் உரிமையா?’ இரண்டு அணி, நடுவில் நான்.

பேச்சு சூடாகத்தான் நடந்தது. ஆனால் சற்று நேரத்திலேயே ஒன்று புலப்பட்டது. யார் எந்த அணியில் நிற்கிறார்கள் என்பதைக் கருத்து தீர்மானிக்கவில்லை, வீடு தீர்மானித்திருந்தது. அப்பா நிரந்தரத் தொழிலாளி, சங்க உறுப்பினர் என்றால் பிள்ளை உரிமைப் பக்கம். வீட்டில் மெஸ் நடத்துகிறார்கள், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், வேன் ஓட்டுகிறார்கள் என்றால் முதலீட்டுப் பக்கம். “கம்பெனி போயிட்டா உங்க அப்பா சங்கத்துல உக்காந்து என்ன பண்ணுவாரு?” என்று ஒருவன் கேட்க, மற்றவன் முகம் சிவந்துவிட்டது. மணி அடித்தது, நான் பிழைத்தேன்.

வகுப்பு கலைந்தபின் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். பட்டிமன்றம் முழுவதும் வாய் திறக்காதவள். “எங்க அம்மா கான்ட்ராக்ட்ல கிளீனிங் வேலை சார். இப்பவே பன்னிரண்டு மணி நேரம்தான் வேலை செய்யுறாங்க. ஓ.டி. காசும் சரியா வராது. நான் எந்தப் பக்கம் சார் பேசறது?”

அன்று இரவு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ‘இதுவா, அதுவா’ என்று நான் தலைப்பு வைத்ததே பிழை. அரசியலில் இலட்சியமும் நடைமுறையும் இரண்டு அணிகளாக எதிரெதிரே உட்காருவதில்லை. ஒரே கட்சிக்குள், ஒரே அமைச்சரவைக்குள், சில நேரம் ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்கின்றன. அதைக் காட்டாத பாடம் பிள்ளைகளுக்குச் சண்டை போடத்தான் கற்றுக்கொடுக்கும்.

வகுப்புக்கு வந்த படி

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய இரும்புப் படியை எடுத்துச் சென்றேன். என் பாட்டி நெல் அளந்த படி. பாதிப் பேர் அதை இதற்குமுன் பார்த்ததே இல்லை. “பேனா ஸ்டாண்டா சார்?” என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தப் படியை மேசையில் வைத்துக்கொண்டு 1967 தேர்தலைச் சொன்னேன். அறுபதுகளின் நடுவில் கடுமையான அரிசித் தட்டுப்பாடு. தேர்தலில் அறிஞர் அண்ணாவின் தி.மு.க. வைத்த வாக்குறுதி: ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம். தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, அண்ணா முதலமைச்சரானார். ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னை, கோவை ஆகிய இரண்டு நகரங்களில் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் விரிவாக்க அரசின் நிதிநிலை இடங்கொடுக்கவில்லை.

“இது வெற்றியா, தோல்வியா?” என்று கேட்டேன்.

“சொன்னதைச் செஞ்சுட்டாரு” என்றனர் சிலர். “ரெண்டு ஊருக்கு மட்டும் கொடுத்தா எப்படி சார் சொன்னதைச் செஞ்ச மாதிரி?” என்றனர் சிலர். அப்போது முன் பெஞ்சிலிருந்த ஒருவன் படியைக் கையில் எடுத்துப் பார்த்தபடியே கேட்டான்: “அப்போ மீதி ரெண்டு படி எங்க சார்?”

அந்த ஒரு கேள்வியே பிறகு எங்கள் பாடம் முழுவதற்கும் அளவுகோலாகிவிட்டது. அந்த முழக்கத்தைத் தேர்தல் சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. எட்ட வேண்டியது எவ்வளவு, இப்போது முடிவது எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் ஒரே மூச்சில் மக்கள்முன் வைத்த முழக்கம் அது. மூன்று என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒன்று கொடுத்தவுடன் ஏமாற்று என்றாகும். ஒன்று என்று மட்டும் சொல்லியிருந்தால் மீதி இரண்டைக் கேட்க யாருக்கும் தோன்றாது. பிறகு 2008இல் கிலோ ஒரு ரூபாய் அரிசி வந்தது. 2011இல் விலையில்லா அரிசி வந்தது. வெவ்வேறு கட்சிகளின் ஆட்சி, இடையில் நாற்பது ஆண்டு. மீதிப் படிகளை யாரோ நினைவில் வைத்திருந்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

‘மைய-இடது’ அரசியல் என்று உலகில் சொல்லப்படுவது ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது. தனியார் தொழிலும் முதலீடும் வேண்டும். அதன் பலன் அடித்தட்டுவரை இறங்க அரசு தலையிட வேண்டும். இந்தச் சொல்லைப் பத்தாம் வகுப்பில் நான் பயன்படுத்தவில்லை. படி போதுமானதாக இருந்தது.

பத்து நாள்

இப்போது அம்புக்குறிக்கு வந்தோம். 2023 ஏப்ரல் 21 முதல் மே 1 வரையிலான நாள்களைப் பலகையில் வரிசையாக எழுதினேன்.

அதற்குமுன், அப்போது நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தோம். பிரிவு 51: வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பிரிவு 52: வார விடுமுறை. பிரிவு 54: ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிரிவு 55: இடைவேளை. பிரிவு 56: இடைவேளையையும் சேர்த்து ஒருவர் ஆலையில் இருக்கும் மொத்த நேரத்துக்கு வரம்பு. பிரிவு 59: கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். இவை வானத்திலிருந்து விழவில்லை. 1918இல் சென்னையில் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு எட்டு மணி நேரம் பற்றி நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை, 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நடத்திய மே தினம் என்று அவற்றுக்குப் பின்னால் நீண்ட வரிசை உண்டு.

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த திருத்த மசோதா பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அது 65-அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. மேலே சொன்ன 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும், அல்லது தொழிற்சாலைகளின் தொகுதிக்கும், நிபந்தனைகளோடு விலக்களிக்க அரசுக்கு அது அதிகாரம் தந்தது.

அரசின் தரப்பு வலுவற்றது என்று நினைத்துவிடக் கூடாது. மின்னணு நிறுவனங்கள் புதிய இடம் தேடிக்கொண்டிருந்த காலம். பக்கத்து கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. ஆலை அங்கே போய்விட்டால் இங்கே எந்த உரிமையைப் பேசுவது? எங்கள் பகுதிக்கு இது கற்பனைப் பயமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வரித் தகராறு, கைமாறிய நிறுவனம், மாறிய சந்தை என்று காரணங்கள் வேறு. ஆனால் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலையிழந்து ஊர் திரும்பியதைப் பார்த்த பகுதி இது. ‘கம்பெனி போயிட்டா?’ என்று பட்டிமன்றத்தில் கேட்ட பையன் அந்த நினைவிலிருந்துதான் கேட்டான்.

வாரம் 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்புகிறவர்கள் நான்கு நாள் வேலை செய்து மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னேன். பன்னிரண்டு பெருக்கல் நான்கு, நாற்பத்தெட்டு. சரிதான். “அப்போ எங்க அக்கா மூணு நாள் ஊருக்கு வரலாம் சார்” என்றாள் ஒருத்தி. அக்கா விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர். இது முதலாளி தரப்பு வாதமாகாது. ஒரு தொழிலாளியின் வீட்டிலிருந்து வந்த நியாயமான ஆசை. குறித்துக்கொண்டோம்.

செய்யாறிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்களின் பிள்ளைகள் வேறு கணக்குப் போட்டார்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, வேலை பன்னிரண்டு. மொத்தம் பதினைந்து. மீதி ஒன்பது மணி நேரத்தில் தூக்கம், சமையல், துணி, பிள்ளைகள். “அதுல எங்களைப் பாக்க எத்தனை நிமிஷம் சார்?” என்று ஒரு குரல்.

பிறகு மசோதாவின் வாசகத்துக்குத் திரும்பினோம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இது. 48 மணி நேரம் மாறாது என்று விளக்கம் சொல்கிறது. ஆனால் விலக்களிக்கக்கூடிய பட்டியலில் முதல் எண்ணே 51. அதுதான் 48 மணி நேர வரம்பு. இரட்டிப்பு ஊதியம் தரும் 59உம் பட்டியலில் உண்டு. “அப்போ பேச்சுல ஒண்ணு இருக்கு, பேப்பர்ல ஒண்ணு இருக்கே சார்” என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள். நிபந்தனைகளைப் பின்னர் அறிவிக்கையில் சேர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் இன்றைய அரசின் நல்லெண்ணத்தை நம்பி எழுதப்படும் அதிகாரம் நாளைய அரசின் கைக்கும் போகும். சட்டத்தை வாசிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது என்று மட்டும் சொன்னேன்.

பேரவையிலேயே எதிர்ப்பு எழுந்தது. எதிர்க்கட்சிகள் மட்டுமா? ஆளும் கூட்டணியிலிருந்த இரு பொதுவுடைமைக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்புச் செய்தன. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் ஏற்கவில்லை. ஏப்ரல் 24, திங்கள்கிழமை அமைச்சர்கள் தொழிற்சங்கங்களோடு பேசினார்கள். அன்று மாலையே மசோதா நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் மாண்புமிகு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் மே தினம் நடத்தி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

அம்புக்குறி நின்ற இடம் அதுதான். அவையில் நிறைவேறிய மசோதா, சட்டமாகும் முன்பே நின்றது. பாடநூலின் ஐந்து கட்டங்களுக்கு வெளியே சங்கம், கூட்டணி, செய்தித்தாள், மே தினம் என்று வேறு கட்டங்கள் இருக்கின்றன என்று பலகையில் வரைந்து காட்டினேன்.

“இதுல யாரு ஜெயிச்சாங்க?” என்று கேட்டேன். “இலட்சியம்” என்றனர் பலர். ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டே, “அடுத்த வருஷம் எலெக்‌ஷன் சார், அதான்” என்றான். அவனை அடக்கவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தல் உண்மைதானே! கூட்டணியையும் வாக்கையும் எண்ணிப் பார்ப்பது நடைமுறைக் கணக்கு. ஆனால் தொழிலாளர்களிடம் வாக்கும் சங்கமும் இருந்ததால்தான் அந்தக் கணக்கே எழுந்தது. இலட்சியம் சில நேரம் அரசியலின் முன்வாசல் வழியாக வராது. கணக்கின் கொல்லைப்புற வழியாக வரும்.

வெளியூர்ச் சாட்சிகள்

மேல்நிலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்காக இரண்டு மூன்று செய்திகள். 1919 சனவரியில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் மியூனிக் நகரில் மாணவர்கள்முன் ஓர் உரை ஆற்றினார். அரசியலை வாழ்க்கைப்பணியாக ஏற்பவருக்கு இரண்டு அறம் உண்டு என்றார்: தான் நம்புவதை விட்டுக்கொடுக்காத உறுதியின் அறம், தன் செயலின் விளைவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பின் அறம். இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்பதும் அவர் கருத்து. இந்தப் பகுதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதுதான் வழக்கம். ஜெர்மனியின் சமூக சனநாயகக் கட்சி 1959இல் கோடஸ்பர்க் திட்டத்தின் மூலம் சந்தைப் பொருளாதாரத்தை ஏற்றுக்கொண்டதும் இந்த வகையில் படிக்கத் தக்கது.

நமக்கு நெருக்கமான பாடம் மேற்கு வங்கத்தின் சிங்கூர். அங்கே ஆட்சியிலிருந்தது இடது முன்னணி. நில உச்சவரம்பும் குத்தகை உரிமையும் தந்து வேரூன்றிய ஆட்சி. 2006 தேர்தலில் பெருவெற்றி பெற்றதும் முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா, தொழில் வராமல் இளைஞர்களுக்கு வேலை இல்லை என்ற நடைமுறை உண்மையைக் கையில் எடுத்தார். டாடா நானோ ஆலைக்காகச் சிங்கூரில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. கொடுக்க மனமில்லாத விவசாயிகளின் நிலமும் அதில் இருந்தது. 2008 அக்டோபரில் ஆலை குசராத்துக்குப் போயிற்று. 2011இல் 34 ஆண்டு ஆட்சியும் போயிற்று. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலே செல்லாது என்றது. வேலைவாய்ப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் யாரும் குறைகாண முடியாது. யாரிடமிருந்து எடுக்கிறோமோ அவரைக் கேட்காமல் எடுத்ததுதான் சிக்கல். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இதை என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் 37 நாள்

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊதியம், வேலை நேரம் என்று கோரிக்கைகள் பல இருந்தாலும் மையமாக நின்றது ஒன்று: சி.ஐ.டி.யு. ஆதரவில் தொடங்கிய சங்கத்துக்குப் பதிவும் அங்கீகாரமும். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறுவதை நிர்வாகம் எதிர்த்தது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவு எங்கள் உரிமை என்றனர் தொழிலாளர்கள். அமைச்சர்கள் தா.மோ. அன்பரசன், டி.ஆர்.பி. ராஜா, சி.வெ. கணேசன் ஆகிய மூவரும் பேச்சு நடத்தினார்கள். ஒருபுறம் கைதுகள், மறுபுறம் நீதிமன்றம். ஆளும் கூட்டணிக் கட்சிகளின் தலைவர்களே போராடியவர்களைச் சந்தித்தார்கள். அக்டோபர் 15 அன்று, 37ஆம் நாள், வேலைநிறுத்தம் முடிந்தது. அன்று சங்கம் பதிவாகவில்லை. போராடியவர்களைப் பழிவாங்கக் கூடாது, கோரிக்கைகளுக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பவைதான் கிடைத்தன. பதிவு 2025 சனவரியில் வந்தது.

இங்கேயும் படியை மேசையில் வைத்தோம். அக்டோபரில் வேலைக்குத் திரும்பிய தொழிலாளர்கள் செய்ததும் ஒரு படியை ஏற்றுக்கொண்டதுதான். சமரசம் என்பது அரசும் நிறுவனமும் மட்டும் செய்கிற வேலை என்று நாம் நினைக்கிறோம். சம்பளமில்லாமல் 37 நாள் வீட்டைச் சமாளித்தவருக்கு அது இன்னும் கடினமான கணக்கு. அந்த நாள்களில் எங்கள் வகுப்பிலும் சில பிள்ளைகள் கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கவில்லை. காரணம் கேட்காமல் இருக்க அப்போது கற்றுக்கொண்டேன்.

இன்னொரு நிகழ்வையும் சேர்த்துக்கொண்டோம். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு ஒவ்வாமையால் பலர் பாதிக்கப்பட, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய். நெடுஞ்சாலைக்கும் இந்தக் கட்டடத்துக்கும் இடையிலான தூரத்தை மாணவர்கள் நாள்காட்டியில் எண்ணினார்கள். ஆலையும் நிற்கவில்லை, கோரிக்கையும் வீண்போகவில்லை என்று ஒரு குழு எழுதியது. “விடுதி நல்லா இருக்கு, ஆனா கல்யாணம் ஆனவங்க எங்க தங்குறது?” என்று இன்னொரு குழு எழுதியது. மீதிப் படியைத் தேடப் பழகிவிட்டார்கள்.

வகுப்பில் கவனிக்க வேண்டியவை

‘இதெல்லாம் நடத்தினால் அரசியல் பேசுகிறார் என்று புகார் வராதா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். வரலாம். அதனால்தான் சில எல்லைகளை வகுத்துக்கொண்டேன். கட்சியை மதிப்பிடும் கேள்வி கேட்பதில்லை. முடிவை மதிப்பிடும் கேள்வி கேட்கிறேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் பலகையில் மூன்று பத்தி: அடைய நினைத்தது எது, கிடைத்தது எது, விட்டுக்கொடுத்தது யார். மூன்றாவது பத்தியில்தான் நேரம் போகும், போகட்டும். “நீங்க எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டால், “நான் வாக்குச்சாவடியில் சொல்லிக்கொள்கிறேன்” என்பது என் விடை. பெற்றோரின் வேலையை வகுப்பில் கேட்பதில்லை. பிள்ளைகளாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இவை அனைத்தையும்விட முக்கியம், செய்தியைச் செய்தித்தாளிலும் சட்டத்தைச் சட்டத்தின் வாசகத்திலும் வாசிக்க வைப்பது. பிரிவு எண்ணோடு ஒரு மசோதாவைப் படித்த பிள்ளையை வாட்ஸ்அப் தகவல் எளிதில் அசைக்காது.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். எங்கள் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் இதையே ஐந்தாம் வகுப்பில் பந்தைக் கொண்டு செய்தார். வகுப்பில் முப்பது பேர், இருப்பதோ இரண்டு பந்து. எல்லாருக்கும் தினமும் பந்து என்பது ஆசை. யாருக்கு எந்த நாள் என்று பிள்ளைகளே விதி எழுதினார்கள். ‘எல்லாருக்கும் தினமும்’ என்ற வரியை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிப் பலகையின் மேல் ஓரத்தில் விட்டுவைத்தார். இரண்டு வாரம் கழித்து, விதியால் தனக்குப் பந்து சரியாகக் கிடைப்பதில்லை என்று சொன்னது உடல்நலக் குறைவால் அடிக்கடி விடுப்பு எடுக்கும் ஒரு சிறுமி. விதியைத் திருத்தினார்கள். பத்தாம் வகுப்பில் நான் மூன்று பாடவேளை எடுத்ததை அவர் ஒரு விளையாட்டு நேரத்தில் முடித்துவிட்டார்.

அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று பத்திப் பயிற்சியில் 2023 மசோதாவைப் பற்றி அவள் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. அடைய நினைத்தது: எட்டு மணி நேரம். கிடைத்தது: எட்டு மணி நேரம், நிரந்தரத் தொழிலாளர்களுக்கு. மூன்றாவது பத்தியில் ஒரே வரி: ‘எங்க அம்மாவுக்கு 1948 சட்டமே இன்னும் வரல.’ மதிப்பெண் போடும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970 என்ன சொன்னது, தொழிலாளர் துறையில் யாரிடம் மனுக் கொடுப்பது என்று ஒரு பாடவேளை நடத்தினேன். மனுவின் மாதிரியைப் பிள்ளைகளே எழுதினார்கள். அவள் அதைப் பத்திரமாக மடித்து வீட்டுக்குக் கொண்டு போனாள்.

படி இன்னும் வகுப்பறை அலமாரியில்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் நான் உள்ளே நுழைந்தபோது அது என் மேசைமேல் இருந்தது. யார் எடுத்து வைத்தது என்று கேட்டதற்கு, வகுப்புத் தலைவி எழுந்தாள். “ஜூன் மாசம் வாரம் ரெண்டு பீரியடு நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க சார்.” காலாண்டுத் தேர்வு, பயிற்சி வகுப்பு என்று என் பக்கக் காரணங்களைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் வெள்ளிக்கிழமை ஐந்தாம் பாடவேளை என்று முடிவானது. அவள் பலகையின் ஓரத்தில் எழுதினாள்: ‘நூலகம் – 1. மீதி – 1.’